ஒரு பஸ் நிறைய ரகசியம்

மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு ஒரு சுகம் உண்டு. அனுபவிக்கிறோம் என்று தெரியாமலே அனுபவிக்கிற சுகம். லிஃப்டில், கிளினிக்கில், பேங்க் வரிசையில், பக்கத்தில் நிற்பவரைப் பற்றி அவர் பக்கத்திலேயே நின்று பேசலாம். "இந்த ஆளு சட்டையைப் பாரேன், மேசை விரிப்பு மாதிரி" என்று மனைவியிடம் முழுக் குரலில் சொல்லிவிட்டு, அதே ஆளைப் பார்த்துப் புன்னகையும் செய்யலாம். தமிழ் எங்களுக்குத் தாய்மொழி மட்டுமல்ல, ஜன்னலுக்குப் போட்ட திரையும்கூட. (செமோர் சந்தையில் காய்கறி விற்கும் சீன ஆன்ட்டி ஒருமுறை, "மேசை விரிப்பு இல்ல தம்பி, பாத்திக் சட்டை" என்று சுத்தத் தமிழில் சொல்லி என் வாயை அடைத்தது உண்டு. ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவராம். ஆனால் அது போன்ற விபத்துகள் அபூர்வம்.)

அந்தத் திரையை நம்பி நான் சென்னைக்குப் போனேன்.

நான் ஈப்போவில் ஒரு நில அளவையாளர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். பழைய ரப்பர் தோட்டங்களை வீட்டுமனைகளாகக் கூறு போட்டு, ஒன்றிலிருந்து வரிசையாக நம்பர் கொடுப்பது என் பிழைப்பு. என் அப்பா பால் வெட்டிய தோட்டத்துக்கும் நான்தான் நம்பர் போட்டேன். நாங்கள் குடியிருந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, இப்போது ஒரு கார் கழுவும் கடையின் பின்புறம். இப்படி நிலத்தையே தாளில் அடக்கியவன் என்பதால், எந்த ஊரில் விட்டாலும் வழி கண்டுபிடித்துவிடுவேன் என்றொரு கர்வம் எனக்கு இருந்தது.

மகள் யாழினி கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, கூட வேலை பார்க்கும் கார்த்தியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் சென்னை, திருவொற்றியூர். அவன் பெற்றோர் அடுத்த மாதம் ஈப்போ வந்து முறையாகப் பெண் கேட்பார்கள்.

"அதுவரைக்கும் நீங்க சும்மா இருக்கணும்பா. விசாரிக்கிறேன்னு எங்கயும் கிளம்பக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. என் அக்கா மகனுக்குத் தாப்பா என்கிற ஊரில் பெண் பார்த்தபோது, குடும்பம் எப்படி என்று விசாரிக்கப் போன நான், பஸ் நிலையத்தில் தேடிப்பிடித்துக் கேட்டது பெண்ணின் சொந்த மாமாவிடம். அதுவும் "அந்த மாமாக்காரன் ஒரு மாதிரியாமே?" என்று. அந்தச் சம்பந்தம் அன்று சாயங்காலமே கலைந்தது. அக்கா இன்னும் என்னிடம் பாதிதான் பேசுகிறாள்.

இருந்தாலும் பெற்ற மனம் கேட்கவில்லை. (பெற்றவள் என் மனைவி சாந்தி. அவள் மனம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கேட்காதது என் மனம்தான்.) மலிவு டிக்கெட் ஒன்று கிடைத்தது. "சென்னையைச் சுற்றிப் பார்க்கப் போறேன். தனியா, பஸ்லயும் ரயில்லயும்" என்று மகளுக்குச் சொன்னேன். உண்மை சாந்திக்கு மட்டும் தெரியும்.

"போறதுதான் போறீங்க, டூர் பேக்கேஜ்ல போங்களேன்" என்றாள் சாந்தி.

"பேக்கேஜ் எல்லாம் சோம்பேறிங்களுக்கு லா" என்றேன் (இந்த 'லா' எங்கள் மலேசியப் பேச்சின் வால்), யாழினியின் பழைய பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியபடி. பையில் ஒரு பூனைப் படம் இருந்தது.

திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் ஜன்னல். அங்கிருந்து நான் சென்னையை ஆராயத் தொடங்கினேன், சென்னையோ என்னை ஆராய்ந்தது. மின்சார ரயிலை விட்டு இறங்கிய ஸ்டேஷனில் டிக்கெட்டைச் செருகுகிற கதவைத் தேடினேன். கதவு இல்லை. வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. எங்கள் ஊரில் கடைசியில் இயந்திரம் ஏற்றுக்கொண்டால்தான் பயணம் முடிந்ததாக அர்த்தம். நான் இன்னும் பயணத்தில் இருக்கிறேனா இல்லையா என்று புரியாமல் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவர் இரக்கப்பட்டு, "வெளியே போலாம் சார்" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் நகர்ந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒழுங்காக வரிசையில் நின்றேன். வரிசையில் நான் ஒருவன்தான். பஸ் எனக்குக் கொஞ்சம் முன்னாலோ, கொஞ்சம் தாண்டியோ நின்று, என்னைத் தவிர எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது. எண்ணைப் பார்த்து ஏறினேன், அதோடு ஒட்டியிருந்த எழுத்தைப் பார்க்கவில்லை. அந்த எழுத்தால் பஸ் வேறு திசையில் போனது. கடற்கரைக்கு என்று ஏறி, கடலே கேள்விப்படாத ஒரு பேட்டையில் இறங்கினேன். பேச ஆள் இல்லை. வழி கேட்பது வரைபடக்காரனின் கௌரவத்துக்கு இழுக்கு என்று வாயைத் திறக்கவும் இல்லை. நாள் கணக்கில் அடைபட்டுக் கிடந்த அந்த வாய், பிறகு மொத்தமாகத் திறந்ததுதான் கதை.

பாரிமுனையில் திருவொற்றியூர் பஸ்ஸைச் சரியாகப் பிடித்தேன். உட்கார இடமும் கிடைத்தது. அந்த வெற்றியைக் கொண்டாட சாந்தியைப் போனில் கூப்பிட்டேன். பஸ் இன்ஜின் உறுமிய உறுமலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சாந்தி! கேக்குதா? பஸ்ல இருக்கேன் லா!"

"ஏன் கத்துறீங்க? பக்கத்துல ஆள் இல்லையா?"

"பக்கத்துல ஒரு மீசை. மீசைக்குப் பின்னால ஒரு ஆளு இருக்காரு போல. முன்னால ஒரு அக்கா, தலையே தெரியல, பூ மட்டும்தான் தெரியுது. பூக்கடை பஸ்ல போற மாதிரி இருக்கு லா. யாழினிக்கு ஒண்ணும் தெரியாதே?"

"நீங்க மெரினால இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."

"அப்படியே இருக்கட்டும். நேத்து எடுத்த போட்டோவை இன்னைக்கு அனுப்பிட்டேன்."

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வழியை அடைத்திருந்தன. பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். இதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"கேளு! நேரா வீட்டுக்குப் போக மாட்டேன். தெருமுனை டீக்கடையில ஒரு தே குடிச்சுக்கிட்டே விசாரிப்பேன். அப்பன்காரரு ஹார்பர்ல கிரேன் ஓட்டினவராம். சாயங்காலம் ஆனா தண்ணி போடுவாரான்னு கேக்கணும். அம்மாக்காரி டீச்சரு. வாய் நீளமான்னு கேக்கணும். வீடு சொந்தமா வாடகையான்னு பாக்கணும். சரியில்லன்னா அப்படியே திரும்பிடுவேன். யாருக்கும் தெரியாது!"

"பையன் நல்ல பையன்ங்க."

"பையன் ஓகே லா. காதுதான் கொஞ்சம் பெருசு. பேரப்பிள்ளைங்களுக்கு வந்துடுமோன்னு ஒரு கவலை!"

போனை வைத்தேன். பஸ் முழுக்க ஓர் அமைதி. தேர்வு மண்டபத்தில் கேட்கிற மாதிரியான அமைதி.

"காது பெர்சா இருந்தா இன்னா சார்?" என்றது பக்கத்து மீசை. "நல்லாக் கேக்கும்ல?"

என் மனத்தில் முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன்: 'அட, இவருக்குத் தமிழ் தெரிகிறதே!'

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. அத்தனை பேருக்கும் தமிழ் தெரிந்திருந்தது.

"கிரேன் ஓட்றவன்னா குடிப்பான்னு எவன் சார் உனக்குச் சொன்னான்?" மீசை விடவில்லை. "நானும் ஹார்பர்லதான் கீறேன்."

"பொண்ணைப் பெத்தவரு, விசாரிக்கத்தானே செய்வாரு. அதுல இன்னா தப்பு?" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா எனக்காக வாதாடினார்.

"விசாரிக்கட்டும் ஆன்ட்டி. பொண்ணுகிட்ட மெரினான்னு பொய் சொல்லிட்டா வர்றது?" என்றாள் காலேஜ் பெண் ஒருத்தி.

"சொல்லாமப் போறீங்களே சார்," கண்டக்டர் நடுநிலையாகக் கேட்டார், "அவங்க வூட்ல இல்லைன்னா என்ன பண்ணுவீங்க? ரிட்டர்ன் பஸ்ஸு கூட்டமா இருக்குமே."

முன்சீட்டுப் பூ திரும்பியது. பூவுக்கு அடியில் ஒரு முகம் இருந்தது. என்னைத் தலையிலிருந்து பூனைப் பை வரைக்கும் நிதானமாகப் பார்த்தது.

"எந்தத் தெரு?"

"நான்... சும்மா சுத்திப் பாக்க வந்தேங்க. டூரிஸ்ட்."

பஸ் மொத்தமும் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

லாரிகள் நகர்ந்து, பஸ் கிளம்பி, அடுத்த நிறுத்தத்தில் நின்றதும் குதித்தேன். "சார், உங்க ஸ்டாப்பு இது இல்ல!" என்று கண்டக்டர் கத்தினார். "திருவொட்டியூர் இன்னும் வரல!" பஸ் தாண்டிப் போகும்வரை ஜன்னல்களில் கைகள் எனக்கு வழி காட்டிக்கொண்டே போயின. ஒவ்வொரு கையும் ஒரு திசையில்.

நடந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் லாரி, நடுவில் மீன் வாசனை. அப்படியே லாட்ஜுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர் இருப்பாரோ என்ற பயத்தில் முன்னோக்கியே நடந்தேன்.

தெருவைக் கண்டுபிடித்ததும் அடுத்த குழப்பம். முகவரியில் 'புதிய எண் 31, பழைய எண் 14' என்று இருந்தது. முப்பத்தொன்று என்று எழுதிய கதவு கிடைத்தது. அது பழைய முப்பத்தொன்று. பதினான்கு கிடைத்தது, அது புதிய பதினான்கு. அடுத்த வீட்டில் இரண்டு எண்ணும் அழிந்து 'நாய் ஜாக்கிரதை' மட்டும் மிச்சம் இருந்தது. வாழ்நாளெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனைகளுக்கு நம்பர் போட்டவன், அந்தத் தெருவில் முன்னும் பின்னும் நடந்து, கடைசியில் இஸ்திரி வண்டிக்காரரிடம் தலைகுனிந்து நின்றேன்.

"அண்ணே, இங்க முப்பத்தொண்ணு..."

அவர் என் பையில் இருந்த பூனையைப் பார்த்தார். "மலேசியா சாரா? பஸ்ல வந்தவரு? உங்களத்தான் எல்லாரும் தேடிக்கினு இருக்காங்க."

ஓடலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்குப் பாதி கன்னம்தான் மழித்திருந்தது. காதோரம் சோப்பு நுரை. அந்தக் காதின் அளவைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது.

"ஏறுங்க" என்றார். ஏறினேன். கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "நான் குடிக்கிறது இல்லைங்க. விட்டுட்டேன்." வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, "நேத்து இல்ல, ரொம்ப வருஷமாச்சு" என்று சேர்த்துக்கொண்டார்.

உள்ளே அந்தப் பூ உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

"சொந்த வீடா, வாடகையான்னு கேட்டீங்களே" என்றார். "சொந்தம். வாடகை குடுக்குறது நான்தான், மாடியில."

அந்தத் தெருவில் ஹார்பரில் கிரேன் ஓட்டியவரும், டீச்சரும், மலேசியாவில் பிள்ளையும் இருப்பது ஒரே வீடு. அவருக்குக் கண்டுபிடிக்க முகவரி எதுவும் தேவைப்படவில்லை.

கார்த்தியின் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "எனக்கு வாய் நீளம்தான். நாப்பது பிள்ளைங்கள அடக்கணுமே" என்றார். "யாழினிக்குத் தெரியாம வந்திருக்கீங்களாம். இப்பவே சொல்லிடலாம்."

"வேணாம்மா. அவ மன்னிக்கவே மாட்டா."

"மறைச்சா நானும் சேந்து மறைச்ச மாதிரி ஆயிடும். இந்த வீட்டுக்கு வரப்போற பொண்ணுகிட்ட முதல்லயே அப்படி ஆரம்பிக்க முடியாதுங்க."

வீடியோவில் கார்த்தி வந்தான். பக்கத்தில் யாழினி. என்னைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது.

"அப்பா? மெரினாலதானே இருக்கீங்க?"

"பக்கத்துலதான் லா" என்றேன். எனக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோவும், முருகர் காலண்டரும், மாடி வீட்டு அம்மாவும் இருந்தார்கள்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சின்னக் குரலில், "தாப்பா மாதிரி ஆயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். அத்தனை நேரமும் மூடாத வாய், தேவைப்பட்டபோது திறக்கவில்லை.

கார்த்தியின் அம்மா போனை வாங்கிக்கொண்டார். "ஒண்ணும் ஆகலடா கண்ணு. எங்களப் பத்திக் கேக்க நினைச்சதெல்லாம் பஸ்லயே கேட்டுட்டாரு. நாங்களும் சொல்லிட்டோம். அடுத்த மாசம் ஈப்போ வந்து உக்காந்தா, இதையெல்லாம் மறுபடியும் ஆரம்பிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

திரையில் கார்த்தி ஒன்றும் தெரியாதவன் போல முடியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் யாழினி முதலில் சிரித்தாள். என்னிடம் அவள் சிரிக்க இன்னும் பல வாரங்கள் ஆயின.

வஞ்சிர மீன் வறுவலோடு சாப்பாடு போட்டார்கள். மாடி வீட்டு அம்மாவே என்னை பஸ் ஏற்றிவிட்டார். ஏறும்போது சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "போன் வந்தா எடுக்காதீங்க."

கல்யாணம் ஈப்போவில் நல்லபடியாக நடந்தது. நன்றி சொல்ல என் கையில் மைக்கைக் கொடுத்தபோது, முன்வரிசையிலிருந்து சம்பந்தியம்மாள் கேட்டார்: "உங்களுக்கு எதுக்குங்க மைக்கு?" சென்னைக்காரர்கள் மட்டும் சிரித்தார்கள். விருந்து முடிவதற்குள் ஈப்போக்காரர்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போதும் யாழினி வீட்டுப் போனுக்கு அடித்து நான் எடுத்தால், அவள் நலம் விசாரிப்பதில்லை. முதல் கேள்வியே, "அப்பா, வீட்டுலயா இருக்கீங்க, பஸ்லயா?"

"வீட்டுலதான் லா" என்பேன்.

"சரி, போனை அம்மாகிட்ட குடுங்க."