பாதபூசையும் என் தோல் செருப்பும்

போடிநாயக்கனூரில் ஆயிரம் பேருடைய காலை அடையாளம் தெரிந்து, ஒருவருடைய முகம்கூடத் தெரியாமல் வாழ்ந்த மனிதர் உலகத்திலேயே பாதபூசை ஒருவராகத்தான் இருக்க முடியும். சொந்த மாமனார் எதிரே வந்தாலும் யாரோ பெரியவர் என்று ஒதுங்கி வழிவிடுவார். மாமனார் செருப்பைக் கழற்றினால்தான், "அடடே, மாமாவா! பித்தவெடிப்பு ஆறிருச்சுபோல?" என்று விசாரிப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் இருந்து, பிறகு இழுத்து மூடப்பட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். நான் லேப் டெக்னீஷியன். ஊரார் சிறுநீரை நீலக் கரைசலில் காய்ச்சி, அது பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்ப்பது என் சோலி. செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஏகத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆள் அடுத்து பாதபூசையின் ஸ்டூலுக்குப் போக வேண்டும். ஜில்லாவையே ஆட்டிவைக்கிற மிராசுதாராக இருந்தாலும் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரலிடுக்கு விடாமல் பார்ப்பார். பெயர் வந்தது அப்படித்தான்.

மதுரையிலிருந்து ஒரு டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். சர்க்கரை நாள்பட்டால் கால் மரத்துவிடும். முள் குத்தினாலும் நெருப்பை மிதித்தாலும் தெரியாது. புண் புரையோடி, கடைசியில் காலையே எடுக்க வேண்டிவரும். இந்தப் புண் வராமலே தடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. மரத்த கால்காரர்களைச் சேர்த்துச் சீட்டுக் குலுக்கினார்கள். பாதிப்பேருக்குப் பஞ்சு போன்ற கறுப்பு ரப்பரில் ஆணியே அடிக்காமல் செய்த செருப்பு. மீதிப்பேருக்கு வழக்கமான புத்திமதி மட்டும். யாருக்குப் புண் குறைவாக வருகிறது என்று இரண்டு வருடம் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதுவது நான்.

பாதபூசைக்கும் சர்க்கரை உண்டு, காலும் மரத்த கால்தான். அவரும் சீட்டெடுத்தார், செருப்பு விழுந்தது. லாட்டரி அடித்தவரைப் போல ஆஸ்பத்திரி பூராவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆராய்ச்சிக்கு ஆள் பிடிக்க அவர் போகாத இடமில்லை. ஒருநாள் ஏலக்காய் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார். கையில் பஞ்சு. வரிசையாக வியாபாரிகளின் உள்ளங்காலில் தடவிக்கொண்டே போனால், நாலாவது ஆள், "ஐயோ!" என்று கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார். ஏலம் போடுகிறவர் அதை ஏலக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு சரக்கை அவர் தலையில் கட்டிவிட்டார். ஒரே ரகளை. மேசைக்கு அடியிலிருந்து நிதானமாகக் குரல் வருகிறது: "மொதலாளி காலு தங்கமான காலு. இந்தா, பக்கத்துல இருக்காகளே, இவுகதான் சந்தேகம். மூணு தடவ தடவிட்டேன், அசையல." அந்தப் பக்கத்து ஆள் மறுநாள் தானாக வந்து சேர்ந்துகொண்டார்.

செருப்பு வாங்கியவர்களிடம், "தினமும் போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்பார். எல்லோரும், "போடுறோங்கய்யா" என்பார்கள். நானும் 'அணிகிறார்' என்று எழுதிவிடுவேன். பாதபூசை நம்ப மாட்டார். ராசிங்காபுரத்து விவசாயி ஒருவரின் செருப்பைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேரே வைத்து ஆழமாக மூச்சிழுத்தார்.

"ஏன்ணே, ஆறு மாசம் போட்ட செருப்புல பாச்சா உருண்டை வாசம் வருது? பீரோவுக்குள்ள வச்சுத்தான் நடந்தீகளோ?"

விவசாயி தலைகுனிந்தார். அன்றைக்கு முகர்ந்த செருப்புகளில் பாதிக்குமேல் அதே வாசம். குரங்கணியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாதான் விஷயத்தைப் போட்டு உடைத்தது.

"அது பெருவியாதிக்காரக போடுற செருப்புய்யா. இதப் போட்டுக்கிட்டு எம் மவ வீட்டுக்குப் போனா, சம்பந்தகாரக ஒரு வாய் தண்ணி தருவாகளா?"

அது நிஜம். தொழுநோயாளிகளுக்கு அதே ரப்பரில்தான் செருப்புக் கொடுத்து வந்தார்கள். நூறடி தூரத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். டாக்டருக்கோ எனக்கோ அது உறைக்கவே இல்லை. படித்த லட்சணம்!

"அப்படியா சேதி? நான் போட்டுக்கிட்டு நடக்குறேன். எவன் என்ன சொல்றான்னு பாப்போம்" என்று கிளம்பினார் பாதபூசை. கறுப்புச் செருப்போடு சந்தைக்குப் போனார், கல்யாண வீட்டு முதல் பந்திக்குப் போனார். டீக்கடையில் தனி கிளாஸில் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு, "சக்கரை இல்லாம இன்னொண்ணு கொண்டா" என்று அதே தனி கிளாஸை நீட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டி வியாதி இல்லை என்று நிரூபித்தார். ஒரு வருடத்தில் டீக்கடைக்காரரே அலுத்துப்போய்ப் பொது கிளாஸில் கொடுக்க ஆரம்பித்தார். ராசிங்காபுரத்துச் செருப்பும் வேர்வை நாறத் தொடங்கியது. பாதபூசை அதை முகர்ந்துவிட்டு மல்லிகைப்பூவை மோந்தவர் மாதிரி கண்ணை மூடினார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே மிச்சத்துக்காகத்தான்.

அவருக்கு ஒரே மகள். இரண்டு வரன் வந்து, வாசலில் கிடந்த கறுப்புச் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தன. மூன்றாவதாகச் சின்னமனூரிலிருந்து ஒரு வரன். பையன் வாத்தியார், தங்கமான குடும்பம். பெண் பார்க்க வருகிற அன்று காலையில் நான் அவர் வீட்டில் இருந்தேன்.

"அண்ணே, இன்னைக்கு ஒருநாள் அந்தக் கறுப்பக் கழட்டிப் போட்ருங்க. பிள்ள வாழ்க்கை."

"நானே கழட்டுனா மத்தவன் எப்படிப் போடுவான் தம்பி?"

"ஒரே ஒரு நாள்ணே. இந்தாங்க, என் செருப்பப் போட்டுக்குங்க."

மகள் அடுப்படி நிலையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்தச் செருப்பையும் உள்ளே கைவிட்டுத் தடவாமல் யாரையும் போடவிடாத மனிதர் அவர். தெருவில் ஜீப்பு வந்து நிற்கிற சத்தம் கேட்டதும், என் தோல் செருப்பை அப்படியே மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். என் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் செருப்பின் இடது காலில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. குத்துகிறதே என்று நான் ஒரு அட்டையை மடித்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்!

வந்தவர்களுக்கு வீடு திருப்தி, பெண் திருப்தி. கோயில், கடைத்தெரு எல்லாம் சுற்றிக்காட்டிவிட்டு மாலையில் பாதபூசை செருப்பைக் கழற்றினார். அட்டை நைந்து போயிருந்தது. உள்ளங்காலில் ஓட்டை.

"பாத்தியா, எருமைமாட்டுக் காலு! பகல் பூராம் குத்தியிருக்கு, ஒரு வார்த்த சொல்லல" என்று சிரித்தார்.

டாக்டரிடம் சொல்வோம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப மதுரையில போயி படுத்தா, பொண்ணோட அப்பனுக்குக் காலுல வியாதின்னு சேதி போயிரும். கல்யாணம் முடியட்டும் அப்பு. அதுவரைக்கும் நீ கட்டுப் போடு."

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. அந்தக் காலோடுதான் பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைந்தார். ஆணியை அடித்து மடக்கியிருந்தேன். செருப்பு என்னவோ அதே தோல் செருப்புதான். தினமும் கட்டுப் போட்டேன். புண் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. இடையில் மூன்று தடவை டாக்டர் வந்தார். கல்யாண வேலை என்று இவர் ஒளிந்துகொண்டார். ஆராய்ச்சிப் பாரத்தில் நான், 'செருப்பு அணிகிறார். புண் இல்லை' என்று மூன்று தடவையும் எழுதினேன்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. அடுத்த வாரம் மதுரையில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டாக்டர் அவரைத் திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் தடவையே சொல்லியிருந்தால் கால் தப்பியிருக்கும்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதற்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதபூசை அழுதது காலுக்காக அல்ல. ஆராய்ச்சியில் செருப்புக் கிடைத்தவர்கள் வரிசையில்தான் அவர் பெயர் இருந்தது. போட்டாரா கழற்றினாரா என்பது வேறு. சீட்டில் செருப்பு விழுந்ததால் அவர் புண் அந்த வரிசையில்தான் சேரும், அதுதான் முறை என்றார் டாக்டர். "ஐயா, செருப்பு தோக்கலய்யா, நாந்தேன் தோத்தேன். அதயாச்சும் ஓரமா எழுதுங்க" என்று கெஞ்சினார். டாக்டர் எழுதிக்கொண்டார். ஊர் கேட்கவில்லை. "அதப் போட்டவருக்கே காலு போயிருச்சே" என்று ஏழெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

அவர் வீடு திரும்பிய பிறகு ஒரு மாதம் நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் சாத்துக்குடியோடு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த ஒற்றைக் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"எந்திரிடா. காலப் பிடிக்கிறது என் சோலி, ஒனக்கெதுக்கு?"

"ஆணி இருக்குன்னு எனக்குத் தெரியும்ணே. அட்டை வச்சது நான்தான். சொல்ல மறந்துட்டேன்."

என் தலையில் கைவைத்தார். "எனக்கும் தெரியும் தம்பி. கைவிட்டுத் தடவிப் பாத்துட்டுத்தானே போட்டேன். அட்டை தாங்கும்னு நெனச்சேன், தாங்கல. அம்புட்டுத்தான். நீ போயி சோலியப் பாரு."

அவர் தடவிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும், "அப்படியாண்ணே?" என்றேன். "ஆமாடா" என்றார். எனக்கு அண்ணன் தம்பி நாலு பேர் உண்டு. அவர்களில் யாரும் என்மேல் இத்தனை பிரியம் வைத்ததில்லை.