என் புத்தகத்தை நம்பிக் கப்பலேறி வந்தவள்

காண்டர்பரி சமவெளி, நியூசிலாந்து
1864 நவம்பர் 9

அன்பு அக்கா லவீனியாவுக்குத் தங்கை டோர்கஸ் பாசத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் சைலஸும் ஆயிரத்து நானூறு ஆடுகளும் சுகம். அத்தானின் கீல்வாயு தேவலையா? உட்கார்ந்துகொண்டு படி அக்கா. அப்படியொரு குதூகலமான செய்தி!

நீ லண்டனில் அச்சுக்குக் கொடுத்தாயே என் புத்தகம், ரோஜா படர்ந்த வீடு, பாடிக்கொண்டே வேலை செய்யும் பணிப்பெண்கள், தாலாட்டும் தென்றல் என்று இந்த நாட்டை நான் வர்ணித்துத் தள்ளியது, அதைப் படித்துவிட்டு ஒருத்தி எக்ஸிட்டரில் நடத்திவந்த தையல் பள்ளியை மூடிவிட்டு, மூன்று மாதம் கடலில் வாந்தியெடுத்து, போன செவ்வாய்க்கிழமை ஒன்பது தொப்பிப் பெட்டிகளோடு எங்கள் மண்குடிசை வாசலில் மாட்டுவண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். பெயர் மிஸ் தியோடோரா கிப். நாற்பது வயதிருக்கும். கையில் என் புத்தகம்!

"ரோஜாவெல்லாம் எங்கேங்க?" என்றாள்.

"காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சு" என்றேன்.

சைலஸ் என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்தார். "நீ புளுகினதுக்கு நான் சோறு போடணுமா? பணிப்பெண் எங்கேன்னு கேட்டா, ஆட்டைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வியா?"

அவர் வாய் மூடவில்லை, வடமேற்குக் காற்று கிளம்பிவிட்டது. தொப்பிகள் பறந்தன, கோழிகள் பறந்தன, கடைசியில் கூரையே பிய்த்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டது. சைலஸ் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். நானும் மிஸ் கிப்பும் மேசைக்கடியில், மூக்கோடு மூக்கு இடிக்க. எனக்கு மனசு உடைந்துவிட்டது அக்கா.

"அத்தனையும் பொய்ங்க. என் குழந்தை எட்வினைப் புதைச்ச வருஷம் எழுதினது. உண்மையை எழுத உட்கார்ந்தா அழுகைதான் வந்துச்சு."

அவள் என் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். "படிக்கும்போதே தெரியும். தினமும் விருந்துன்னு எழுதியிருக்கீங்க, எல்லா விருந்துலயும் ஆட்டுக்கறி. ஊர்ல இருக்கற நாய்க்குட்டி வரைக்கும் பேர் சொல்லியிருக்கீங்க, குழந்தைன்னு ஒரு வார்த்தை இல்லை. இந்தம்மா தனியா இருக்காங்கன்னுதான் வந்தேன்."

இரண்டு பேரும் அழுதோம், பிறகு சிரித்தோம். வெறுங்கையோடு திரும்பிவந்த சைலஸ், எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வாளித் தண்ணீரை எங்கள்மேல் ஊற்றினார்.

அவள் இங்கேயே இருக்கப்போகிறாள்! நானும் இனி உண்மையைத் தவிர ஒரு வரி எழுதமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். புத்தகத்தை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளருக்கும் கடிதம் எழுதிவிட்டேன். நீயும் அக்கம்பக்கத்தில் யாரையும் இங்கே அனுப்பிவிடாதே. கர்த்தர் உன்னையும் அத்தானையும் காக்கட்டும்.

உன் திருந்திய தங்கை,
டோர்கஸ்

பி.கு.: பதிப்பாளருக்கு நான் எழுதிய கடிதத்தை மிஸ் கிப் அடுப்பில் போட்டுவிட்டாள். இன்று காலை இருவரும் சேர்ந்து இரண்டாம் புத்தகத்தைத் தொடங்கிவிட்டோம். முதல் வரி: "இந்த நாட்டில் நல்ல சமையற்காரிகளுக்குப் பஞ்சமே இல்லை." எழுதி முடிப்பதற்குள் ரொட்டி கரியாகிவிட்டது.