சம்பந்தி ஜெயிக்க வேண்டும்

"தப்பித்தவறிக்கூட சீட்டுல ஜெயிச்சிராதீக," என்று தரகர் இருளப்பசாமி காதைக் கடித்தார். "மாப்பிள்ளையோட அப்பா ரோசக்காரரு. தோத்தாருன்னா துண்டை உதறிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு."

ராஜபாளையத்தில் மில் ஃபிட்டரான சங்கிலிப்பாண்டியை மூணு சீட்டில் ஜெயிக்க மனமகிழ் மன்றத்திலேயே ஆள் கிடையாது. அந்தக் கொழுப்பில்தான் போன வைகாசியில் பெண் பார்க்க வந்த சோழபுரத்துக்காரரைச் சீட்டில் உரித்து அனுப்பினார். போனவர் போனவர்தான். இந்தச் சம்பந்தமும் நழுவினால் மகள் சந்தனமாரியின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா வைகுண்டராஜ் பெண்ணைப் பார்த்தார், கேசரியை இரண்டு தடவை வாங்கித் தின்றார். பையன் காற்றாடப் பின்பக்கம் போயிருந்தான். டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் போட இன்னும் நேரம் கிடந்தது.

"சீட்டு இருந்தா எடுங்களேன். ஒங்களுக்குப் பிடிக்கும்னு தரகர் சொன்னாரு. எனக்கு அம்புட்டா வராது," என்றார் வைகுண்டராஜ்.

காசு வேண்டாம் என்று ஆளுக்கொரு தீப்பெட்டியைக் கவிழ்த்துக் குச்சிகளைப் பந்தயம் வைத்தார்கள்.

கத்துக்குட்டிகளைப் பற்றி சங்கிலிப்பாண்டி மன்றத்தில் பிரசங்கமே செய்வார். "புதுசா ஆடுறவன் சீட்டைக் கவுத்துட்டு ஆட்டத்தை விட்டு விலகவே மாட்டான்லே. குப்பையை வச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் வருவான். அவன்கிட்ட மெரட்டல் ஆட்டம் ஆகாது. நல்ல சீட்டு வார வரைக்கும் இருந்து, மொத்தமா அள்ளணும்." அள்ளுவதற்குத்தான் அவரிடம் சாஸ்திரம் இருந்தது. அள்ளிக் கொடுப்பதற்கு இல்லை.

விருந்தாளிக்கே முதல் ஆட்டம். வைகுண்டராஜ் சீட்டைப் பார்த்தார். "நான் கவுத்துட்டேன்."

குச்சிகள் சங்கிலிப்பாண்டி பக்கம் வந்தன. அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"இனிமே நான் முதல்ல ஆடுதேன்," என்று முறையை மாற்றி, சீட்டைப் பார்க்காமலே கவிழ்த்தார் சங்கிலிப்பாண்டி.

வைகுண்டராஜின் முகம் சுருங்கியது. "பாக்காமலே கவுக்கீக? எங்கூட ஆடப் பிடிக்கலையா?"

"சேச்சே, அப்படியில்ல சம்பந்தி." பதறிப்போய் அடுத்த ஆட்டத்தில் ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு பத்துக் குச்சியைப் போட்டார். கத்துக்குட்டி கட்டாயம் பின்னாலேயே வருவார், அப்போது தோற்றுத் தொலைக்கலாம்.

"கவுத்துட்டேன்," என்றார் கத்துக்குட்டி.

சங்கிலிப்பாண்டியின் முன்னால் குச்சி குவிந்தது. அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி கருத்தம்மாள், பார்வையாலேயே அந்தக் குவியலைக் கொளுத்தினாள். "ஏட்டி, நான் என்ன செய்ய?" என்று அவர் கண்ணால் கெஞ்சியது எடுபடவில்லை.

வேறு வழியில்லை. இருபது வருஷமாகக் கறைபடாத கையால் முதல்முறையாகத் திருட்டுத்தனமாகச் சீட்டைக் கலைத்தார். தனக்குக் குப்பை. சம்பந்திக்கு மூன்று ராஜா. கோட்டிக்காரன்கூட அதைக் கீழே போட மாட்டான்.

வைகுண்டராஜ் சீட்டைப் பிரித்தார். பெருமூச்சு விட்டார். "கவுத்துட்டேன்."

"மூணு ராசாவை எவனாவது கவுப்பானாய்யா?" சங்கிலிப்பாண்டி பொறுமையிழந்து கத்திவிட்டார்.

வைகுண்டராஜ் மெதுவாக நிமிர்ந்தார்.

"எங்கிட்ட இருந்தது மூணு ராசான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சங்கிலிப்பாண்டி சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். மானம் போனாலும் மகளின் கல்யாணம் நிற்கக் கூடாது.

"நாந்தான் போட்டேன். நீங்க ஜெயிக்கணும்னு. தோத்தா எந்திரிச்சுப் போயிருவீகன்னு தரகர் சொன்னாரு."

வைகுண்டராஜ் வாயைப் பிளந்தார். "ஒங்களைப் பத்தி எங்கிட்டயும் அதையேதானய்யா சொன்னாரு!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குச்சிகள் சிதறின. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தை மாதமே முகூர்த்தம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். தரகரை மட்டும் காணவில்லை. சங்கிலிப்பாண்டிக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு நிம்மதி வந்ததே இல்லை.

சந்தனமாரி பின்பக்கத்திலிருந்து வந்து, சிதறிய குச்சிகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்:

"தரகரை ரெண்டு பேருகிட்டயும் அப்படிச் சொல்லி வைக்கச் சொன்னதே நாந்தான்ப்பா, நீங்க ரெண்டு பேரும் தோத்து முடிக்கதுக்குள்ள பின்னால மாப்பிள்ளையோட நாலு வார்த்தை பேசிப் பாத்துருவோம்னு நெனச்சேன், பேசிட்டேன், எனக்கு அவுகளைப் பிடிக்கலை."