கோவணம் கட்டிய கார்

ஹட்டனில் கோட்டு சூட்டுத் தைக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு காருக்கு அளவெடுத்துக் கோவணம் தைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துவைத்து, இஸ்திரியும் போட்ட தையல்காரர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவருடைய வீட்டு மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன்.

ஹட்டனுக்குப் படிப்பிக்க வந்த புதிதில், அந்த வீட்டுக் கொடியில் கறுப்புக் கறையோடு துணிகள் பனியில் தொங்குவதைப் பார்த்தேன். கைக்குழந்தை இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். கறையின் நிறத்தைப் பார்த்து, பாவம் பிள்ளைக்கு என்ன வியாதியோ என்று கவலையும் பட்டேன். தையல்காரரின் மனைவி தனம் அக்காவிடம் மெதுவாக விசாரித்தபோது அவர் என் கையைப் பிடித்துப் பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

"இதுதான் டீச்சர் எங்க கைப்பிள்ள. பெத்ததுக ரெண்டும் கொழும்புல வேலைக்குப் போயிருச்சு. இது மட்டும் இன்னும் நனைச்சுக்கிட்டு இருக்கு."

ஆமை முதுகு போட்ட பழைய இங்கிலீஷ் கார். தையல்காரரை விட வயதில் மூத்தது. அதன் கியர் பொக்ஸிலிருந்து ஓயாமல் ஒயில் ஒழுகும். நின்ற இடமெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வரும். அதற்காகத்தான் வெளியே காக்கித் துணி, உள்ளே மூன்று மடிப்புத் துவாய், நாலு மூலையிலும் நாடா என்று கோவணம் தைத்து, அவர் வயிற்றை எக்கிக்கொண்டு காருக்கு அடியில் புகுந்து கட்டிவிடுவார். கடைப் பலகையில் வேறு பெயர் இருந்தது. ஆனால் தபால்காரர் உட்பட ஊரே அவரைக் கோவணம் டெய்லர் என்றுதான் சொன்னது.

ஒரு தடவை, தான் சூட்டுத் தைத்துக் கொடுத்த மாப்பிள்ளையைக் கோயிலுக்கு இந்தக் காரில்தான் கூட்டிப்போவேன் என்று அடம் பிடித்தார். அன்றைக்குக் காருக்குப் புதுக் கோவணம், மாப்பிள்ளையின் கோட்டில் மிஞ்சிய துணியில். பெண் வீட்டார் ஆரத்தி எடுக்கும்போது ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. தெரியவில்லையே என்று அவருக்குத்தான் வருத்தம்.

கோவணத்தையும் மீறி ஒழுகியதால் அவரால் பொய் சொல்ல முடியாது. நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார். சீனி வியாதிக்காரர். பின்னால் மரக்கறி வாங்கப் போகும் தனம் அக்கா, சாப்பாட்டுக் கடை வாசலில் கறுப்புப் பொட்டைப் பார்ப்பார். பொட்டின் அகலத்தை வைத்தே எத்தனை பரோட்டா என்று கணக்குச் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வினை வந்தது பூண்டுலோயாவில். தனம் அக்காவின் அண்ணன் அங்கே புது வீடு கட்டி, வாசல் முழுக்க வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார். குடிபூரல் அன்று கார் அந்த டைல்ஸ் மேல் போய் நின்றது. எடுக்கும்போது பார்த்தால் தோசைக்கல் அளவுக்கு ஒரு கறை. அண்ணன் கோபப்படவில்லை. தேய்த்துப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை பஸ்ஸில் வந்துவிடுங்கள் மச்சான் என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு சொல் இவருக்குத் தைத்துவிட்டது. என் காருக்கு இடமில்லாத வாசலில் எனக்கு என்ன வேலை என்று அதோடு பூண்டுலோயாப் பக்கமே போகவில்லை. தீபாவளிக்குத் தனம் அக்கா மட்டும் பஸ்ஸில் போய்வந்தார். வந்த பிறகு இரண்டு பேரும் வீட்டில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மாடியில் இருந்த எனக்கே அது கேட்டது.

பிறகு ஒருநாள் அண்ணனுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாகப் போன் வந்தது. தனம் அக்கா அழவில்லை. உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தார், தேவைக்கு மேலேயே உரித்தார். தையல்காரர் அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தார்.

"போவோம் தனம். ரெண்டு பேருமாப் போவோம். ஆனா அவங்க வாசல்ல ஒரு சொட்டு விழக்கூடாது."

கினிகத்தேனையிலிருந்து கார் திருத்தும் கராஜ் பாஸ் ஒருவரை வரவழைத்தார். நன்றாகத் தமிழ் பேசும் சிங்கள மனிதர். மூன்று மரத்தை முக்காலி மாதிரி நட்டு, சங்கிலி போட்டு, கியர் பொக்ஸை வெளியே எடுத்தார்கள். தையல்காரர் உடனே டேப்பைக் கழுத்திலிருந்து உருவி அதற்கு இடுப்பு அளவு எடுத்தார். மூடிக்கு வைக்கும் கேஸ்கட்டைத் தடித்த காகிதத்தில் சோக்கால் வரைந்து, தன் துணி வெட்டும் கத்தரியாலேயே வெட்டினார். பாஸ் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு, சட்டை மாதிரியே உட்கார்ந்துவிட்டது என்றார். ஒயில் சீலும் புதிது. எல்லாம் பூட்டி, அளவாக ஒயில் ஊற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, சோதித்துப் பார்க்கக் கோவணம் இல்லாத காருக்கு அடியில் அவர் வெள்ளைத் துணி விரித்திருந்தார். நடுவில் கறுப்புப் பொட்டு.

அன்றைக்கு அவர் கடை திறக்கவில்லை. பாஸ் திரும்பி வந்து எல்லா ஆணியையும் இறுக்கினார். அதற்கும் மறுநாள் பொட்டு இன்னும் பெரிதாக இருந்தது. தனம் அக்கா பூண்டுலோயாவுக்குப் பஸ்ஸில் போகப் பையைக் கட்டி வைத்துவிட்டார்.

போகிற அன்று காலை, தேத்தண்ணியைக் கொடுக்கக் கொட்டகைக்குப் போனார் அக்கா. நானும் கூடப் போனேன். தையல்காரர் காரின் கால்மிதியைத் தூக்கி, அடியில் இருந்த மூடியைத் திறந்து, சின்னப் புனல் வைத்து ஒயில் ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாயின் களை.

"பாஸ்தான் ஊத்திட்டாருல்ல. நீங்க எதுக்கு ஊத்துறீங்க?"

"தினமும் ஊத்துறதுதான் தனம். ஒழுகுறது ஒழுகிக்கிட்டே இருக்கு. எவ்வளவு போச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதான் தையலுக்கு விட்டு வெட்டுற மாதிரி கொஞ்சம் கூடவே ஊத்துறேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "துணிக்கு விடலாங்க. வயித்துக்கு விடலாமா?"

பாஸுக்குப் போன் போட்டார்கள். வந்து, கியர் பொக்ஸின் பக்கவாட்டில் ஒயில் மட்டம் பார்க்கும் அளவு ஆணியைக் கழற்றினார். குடம் கவிழ்ந்த மாதிரி ஒயில் கொட்டியது. அடியில் வைத்த பேசின் நிறைந்து, அதன் பிறகும் கொஞ்சம் வந்தது.

"லீக் இல்ல முதலாளி," என்றார் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு. "இது வாந்தி."

பழைய சீலிலும் ஒழுக்கு இருந்தது உண்மைதான். ஆனால் இத்தனை காலமும் பாதி ஒழுக்கு அவர் பாசம் தாங்காமல் வந்தது. மறுநாள் துணி வெள்ளையாகவே கிடந்தது. அவர் அதை மடித்து மோந்தும் பார்த்தார்.

அக்கா பஸ் பயணத்தைத் தள்ளிப்போட்டார். அடுத்த லீவு நாளில் இரண்டு பேரும் காரிலேயே பூண்டுலோயாவுக்குக் கிளம்பினார்கள். சாட்சி வேண்டும் என்று என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். அங்கே போனதும் காரை வீதியோரமே நிறுத்திவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்டுக்குள் விடவில்லை. உள்ளே தகவல் போய், மெலிந்துபோயிருந்த அண்ணனே சால்வையைப் போர்த்திக்கொண்டு அடி மேல் அடி வைத்து வந்தார். கேட்டைத் தன் கையாலேயே திறந்தார்.

"காரு கெடக்கட்டும் மச்சான். இத்தன நாளா ஒங்களக் காணாமத்தான் எனக்கு நெஞ்சு அடைச்சிச்சு."

தையல்காரர் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். சாப்பிடும்போது நாலைந்து தடவை எழுந்து போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். கடைசித் தடவை அண்ணனும் எழுந்து வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து காருக்கடியில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தனம் அக்கா இன்னொரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பின்னேரம் திரும்பினோம். தலவாக்கலைக்கு வருகிற வழியில் அக்கா தூங்கிப்போய், தலை மெல்லச் சரிந்து அவருடைய இடது தோளில் சாய்ந்தது. கியர் மாற்ற வேண்டுமானால் அந்தத் தோளைத்தான் அசைக்க வேண்டும். அவர் அசைக்கவில்லை. கார் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் ஒரு பஸ், இரண்டு லொறி, கணக்கில்லாத ஓட்டோக்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ திட்டினார்.

கண்ணாடியில் என்னைப் பார்த்து, சத்தம் போடாதீங்க டீச்சர் என்பது போல அவர் உதட்டில் விரலை வைத்தார். நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.