பின்சீட்டில் ஒரு தோசைக்கல்

நாமக்கல் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்குச் சூடு வைக்க நினைத்த மனிதர் ஒருவர்தான். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து அலறி எழுந்த ஆட்கள் நிறைந்த ஊரில், சீட்டு சில்லென்று இருக்கிறதே என்று கவலைப்பட்டவர் அவர். அவருடைய மனைவியைப் பனிக்காலத்தில் வீட்டுப் பக்கமே வரவிடாமல் செய்தவன் நான். பகை எதுவும் கிடையாது. டீக்கடையில் நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான். பகையாவது இருந்திருக்கலாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. நான் சேந்தமங்கலத்தில் சரித்திர வாத்தியார். அவர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஊர் அவரை டைனமோ என்று கூப்பிட்டது. வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டார். கையும் அப்படித்தான். ஹாரன் ரிப்பேருக்கு விட்ட லாரி, வைப்பரைப் போட்டால் ஹாரன் அடிக்கும்படி திரும்பி வரும். டிரைவர் சண்டைக்குப் போனால், “மழை பேயறப்ப எதுக்க வாரவனுக்குக் கண்ணு தெரியாதுங்களே, அதுக்குத்தானுங்க” என்பார்.

அவருடைய மனைவிக்குக் கொல்லிமலையில் நர்ஸ் வேலை. சனிக்கிழமை மாலை டைனமோ மேலே போய் அழைத்து வருவார். திங்கட்கிழமை விடியலில் கொண்டுபோய் விடுவார். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி. அது கிளம்பினால் பஸ் ஸ்டாண்டில் தூங்கும் நாய்கள் எல்லாம் எழுந்து இடம் மாறிப் படுக்கும். மார்கழி வந்தால் மலைப்பாதையில் பனி கொட்டும். வளைவு வளைவாக ஏறி இறங்குவதற்குள் நர்சம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“மார்கழி பொறந்தா பனி முடியற வரைக்கும் நான் குவார்ட்டர்ஸ்லயே இருந்துக்கறனுங்க. சோத்துக்கு நீங்க ஏதாச்சும் பண்ணிக்கங்க.”

டைனமோ சோற்றுக்குக் கவலைப்படவில்லை. தன் பேச்சை முழுசாகக் கேட்க ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆளும் மலையில் தங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது? அதுதான் அவர் கவலை.

முதலில் கோழிப்பண்ணையிலிருந்து யோசனையைப் பிடித்தார். பல்பைப் போட்டுத்தானே அங்கே குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிறார்கள்? பின்சீட்டுக்கு அடியில் தகரப்பெட்டி செய்து லாரி ஹெட்லைட் பல்பு இரண்டைப் பொருத்தினார். ஓட்டை வழியாக வெளிச்சம் பீறிட, அந்த வண்டி தேர் மாதிரி ஊருக்குள் வந்தது. நர்சம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நான் என்ன கோழிக்குஞ்சுங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்தது காயில். பழைய அடுப்புக் காயிலை அறுத்து, கல்நார் அட்டைமேல் பரப்பி, ரெக்சின் வைத்துத் தைத்தார். அதற்குக் கரண்ட் கொடுக்க லாரி பேட்டரி. பேட்டரியை இடப்பக்கம் கட்டியதும் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்தது. வலப்பக்கம் மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தொங்கவிட்டுச் சரிசெய்தார். சூடு சரியா என்று பார்க்க, சீட்டின்மேல் ஒரு முட்டையை வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

“முட்டை வேகவும் கூடாது, ஆறவும் கூடாதுங்க. அடை உக்கார்ற கோழி குடுக்கற சூடு. அம்மிணிக்கு அது போதும்.”

“உங்க சீட்டுக்கு?” என்று கேட்டேன்.

“பேட்டரி ஒரு சீட்டுக்குத்தானுங்க பத்தும்.”

கார்த்திகையின் கடைசித் திங்கட்கிழமை விடியலில் நர்சம்மா ஏறி உட்கார்ந்தார். முகத்தில் ஒரு ஆச்சரியம். சீட்டில் படிந்திருந்த பனி மெல்ல ஆவியாக எழுந்தது. டீக்கடை வாசலில் கூட்டம். நான் கிளாஸும் கையுமாக, பள்ளிக்கூடத்தில் பழகிய குரலில் கேட்டேன்:

“ஏனுங்க டைனமோ, தோசைக்கல்லு காஞ்சிருச்சுங்களா?”

கடையே இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றோடு டைனமோ போய் அவர் தோசைக்கல் ஆனார். அடுத்த சனிக்கிழமை நர்சம்மா வந்து இறங்கியபோது பஸ் கண்டக்டர்கள் காத்திருந்தார்கள். “ஒரு ஊத்தப்பம்!” என்றது ஒரு குரல். “திருப்பிப் போடுங்க, அடி கருகிரும்!” என்றது இன்னொன்று. திங்கட்கிழமை மேலே போனவர் பிறகு கீழே வரவில்லை.

தோசைக்கல் மட்டும் சனிக்கிழமை தவறாமல் போய்வந்தார். காலிச் சீட்டோடு இறங்கியவரை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினேன். சீட்டில் கை பட்டது. சுட்டது.

“ஆளில்லாம எதுக்குங்க ஸ்விட்ச்சு?”

“கெளம்பற நேரத்துல மனசு மாறி வந்துட்டாள்னா, சீட்டு சில்லுனு இருக்கக் கூடாதுங்களே” என்றார். அவர் ஒரு வாக்கியத்தோடு பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை, “நானும் வாரேன். அம்மிணிகிட்ட நானே பேசறேன்” என்று பின்சீட்டில் ஏறினேன். வெயில் இறங்காத மத்தியானம். ஊர் எல்லை தாண்டுவதற்குள், “வாத்தியாரே, ரெண்டு பக்கமும் வெந்துருச்சுங்களா?” என்று என் மாணவர்களின் அப்பாக்களே கேட்டார்கள். காது கூசியது. அப்போதுதான் காயிலும் காய ஆரம்பித்தது.

“ஸ்விட்ச்ச அமத்துங்க!”

“மலைக் குளிருக்கு ஏத்தாப்ல வெச்சதுங்க. நடுவுல அமத்துனா மேல போறப்ப சூடு பத்தாது. கொஞ்சம் பொறுங்க சாமி!”

அடிவாரத்திலிருந்து பாதி மலைவரை அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பயணம் செய்தேன். எதிரில் வந்த லாரிக்காரர் பயந்துபோய் ஓரம் கட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்சம்மா நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க.”

“நிக்கறனுங்க.”

“எவ்வளவு நேரம் நிப்பீங்க, உக்காருங்க சாமி.”

“முடியாதுங்க, சுட்டுப்போச்சுங்க” என்றேன். பிறகு, “அந்தப் பேர வெச்சவன் நானுங்க. தப்புதான். மன்னிச்சிருங்க” என்றேன்.

“தெரியுமுங்க. ஊரே கேக்கறாப்லதானே கத்துனீங்க.” அவர் முகம் இளகவில்லை. உள்ளே போய்த் தீக்காயத்துக்குப் போடும் களிம்பைக் கொண்டுவந்து நீட்டினார். எந்த இடம் என்று கேட்க வாயெடுத்தவர், நான் நின்ற நிலையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். அவ்வளவுதான். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோசைக்கல்லும் சிரித்தார். சற்றுப் பொறுத்து நானும்.

திரும்பும்போது பின்சீட்டு ஒன்றுதான் இருந்தது. அதில் நர்சம்மா ஏறினார். நான் பஸ்ஸில் வந்தேன், இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டு. பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் வழக்கம்போல, “ஒரு ஊத்தப்பம்!” என்று குரல் கொடுத்தாராம். “பொறவால பஸ்ல வருது, எறக்கிக்கங்க” என்றாராம் நர்சம்மா.

ஓய்வு பெறும்வரை நான் ஊத்தப்ப வாத்தியார்தான். எனக்கு நன்றாக வேண்டும். பிறகு வந்த பனிக்காலங்களில் திங்கட்கிழமை விடியலில் அந்த வண்டியின் சத்தம் கேட்டால், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுவேன். உட்கார முடியாமல் அல்ல.