விமானம் மிதித்த கொள்ளு

'வேண்டாம்' என்று வாய் திறந்து சொல்லத் தெரியாதவனைக் காவலுக்கு வைக்கக் கூடாது. (என்னை வைத்தார்கள்.)

அறுபதுகளின் தொடக்கம். ஒரு மில் முதலாளி சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்தார். தானே ஓட்டுவார். அது இறங்குவதற்குக் குஜிலியம்பாறைப் பக்கம் மேட்டுக்காட்டைச் சமன்படுத்தி, செம்மண்ணை இறுக்கி ஓடுபாதை போட்டிருந்தார். ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. விமானம் எப்போதாவதுதான் வரும். ஆடு மாடு அதைவிட அபூர்வம், புல் இருந்தால்தானே? சில நாள் என் குரலே எனக்கு மறந்துபோகும். சும்மா 'ஹோய்' என்று கத்திப் பார்த்துக்கொள்வேன்.

தை மாதம், பக்கத்துக் காட்டு ராக்கம்மாக்கா கொள்ளுச்செடியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஓடுபாதையில் பரப்பினார்.

"அக்கா, இது... பிளேன் எறங்குற எடம்," என்றேன், தரையைப் பார்த்தபடி.

"அதுக்குத்தான் அப்பு போடுறேன். ரோட்டுல போட்டா லாரி மிதிச்சு மணிய உதுத்துக் குடுக்குதுல்ல? ஒன் ஏரோப்ளேன் லாரிய விட எளப்பமா? ஆமா, சாப்டியா?"

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தேன். அங்கே போனதிலிருந்து யாரும் என்னைக் கேட்காத கேள்வி. அவருடைய கம்பங்கூழிலும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்திலும் எனக்கும் பங்கு கிடைத்தது. மறுநாள் இன்னும் சில வீட்டார் செடியோடு வந்தார்கள். பேச்சு, சிரிப்பு, சண்டை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனால் இவர்களை விரட்டிவிட்டு யாரோடு பேசுவது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் செடியைப் புரட்டிப் போட்டேன்.

விமானம் சொல்லாமல் வந்தது.

"ஏலே, ஒதுங்குங்க! மிதிக்க வருது!" என்று ராக்கம்மாக்கா குதூகலமாகக் கத்தினார். நான் துண்டை வீசிக்கொண்டு ஓடினேன். (முதலாளி அதை வரவேற்பு என்று நினைத்தாராம்.) சக்கரம் காய்ந்த செடியில் ஏறியதும் விமானம் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, கிளுவை வேலிக்குள் மூக்கைச் செருகி நின்றது. முதலாளி கால்சட்டை கிழிந்து இறங்கினார். நல்லவேளை, வெறும் கீறல்தான்.

ராக்கம்மாக்கா செடியைக் கிளறிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "ஐயா, ஒரு நடை பத்தலை. திருப்பி ஒரு தடவ வாங்க."

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. சுற்றிலும் முள்கம்பி அடித்து, என்னை உள்ளே வைத்தார். பழுதுபார்க்கப் போன விமானம் திரும்பவே இல்லை. நான் மட்டும் காவல் இருந்தேன். ராக்கம்மாக்கா தூரத்தில் போகும்போது கை காட்டுவார். கிட்டே வரமாட்டார்; எனக்கு வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம்.

இன்றும் தங்கை வீட்டு விசேஷங்களில், மூலையில் உட்கார்ந்திருக்கும் என்னைக் காட்டி மாப்பிள்ளை சொல்வார்: "ஏரோப்ளேன வச்சுக் கொள்ளு அடிச்ச ஒரே ஆளு எங்க மச்சான்தான்!" கூட்டமே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பிறகு எல்லோரும் அவரவர் பேச்சுக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்றிருக்கும்.