தட்டில் செத்த செல்லும் என் அப்பாவின் இரத்தமும்

ஆரோக்கிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகை என் அப்பாவைக் கொன்றுகொண்டிருக்கிறது. எங்கள் ஊர் மிதோவில் பிளம் பூத்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே யாரும் நலமில்லை.

போன மாதம் எழுதினீர்கள்: சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் நாட்டோவில் இருக்கும் வைட்டமின் கே, ஈரல் புற்றுநோய்ச் செல்களைப் பெருகவிடாமல் தடுக்கிறது, உடம்பில் அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞையையும் அடக்குகிறது என்று. அதெல்லாம் ஆய்வகத் தட்டில் நடந்தது என்பதை எறும்பு அளவு எழுத்தில் போட்டீர்கள். அடுத்த பக்கம் முழுக்க நாட்டோ மாத்திரை விளம்பரம். எங்களுக்கு மருத்துவர் ஒதுக்குவது மூன்று நிமிடம், மிச்சத்தை உங்களிடம்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அம்மாவுக்கு ஈரலில் கட்டி எடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஆனால் அவள் நாட்டோ பிடிக்காத ஒசாகா ஊர்க்காரி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாட்டோவைத் தொட்டதில்லை. "நூலா இழுக்குது, ஈர சாக்ஸ் நாத்தம். உங்க ஊர்க்காரங்களே தின்னுங்க" என்பாள். அப்பாவுக்கோ இதயத்தில் உலோக வால்வு. இரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. வைட்டமின் கே அந்த மாத்திரையை முறித்துவிடும் என்பதால் நாட்டோ அறவே கூடாது. இந்த மனிதர் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, அம்மா எதிரில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் நாட்டோவைக் கலக்கி, "ஃபுமியே, நீ திங்கிற வரைக்கும் நான் திம்பேன். எனக்கு ஏதாச்சும் ஆனா உன்னாலதான்" என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா அழுதாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அவர் தினமும் தின்றார். இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் பதறிப்போய், "நாட்டோ சாப்ட்டீங்களா?" என்று கேட்க, "பக்கத்துல உக்காந்திருந்தேன் டாக்டர், வாசனை பட்டிருக்கும்" என்றார் அப்பா.

நான் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். இரத்தம் உறைந்து பக்கவாதம் வந்துவிட்டதோ என்று ஓய்வு நேரமெல்லாம் வீட்டுக்குப் போன் போட்டு, "அப்பா, சிரிங்க. வாய் கோணுதான்னு அம்மாவப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு கையையும் தூக்குங்க" என்கிறேன். "ஷுஹெய், கையத் தூக்குனா போன யாருடா புடிக்கிறது?" என்கிறார். நேற்று அவர் கையிலிருந்து சாப்பிடும் குச்சி நழுவியது என்று அம்மா சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது.

தட்டில் செத்தது தட்டில்தான் செத்தது என்று முதல் பக்கத்தில், விளம்பரம் போட்ட அதே பெரிய எழுத்தில், திருத்தம் போடுங்கள். குளிர் இன்னும் விடவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷுஹெய் நெமோதோ

பி.கு.: உறையை ஒட்டும்முன் அம்மா இதைப் படித்துவிட்டாள். இன்று காலை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கிண்ணம் முழுக்க விழுங்கினாளாம். அப்பா அந்த நிமிடமே நிறுத்திவிட்டார். "திருத்தமெல்லாம் கேக்காதடா. இவ்ளோ கஷ்டப்பட்டு முழுங்கினப்புறம் அது பொய்னு என் கண்ணுல காட்டாத" என்கிறாள். எனவே திருத்தம் வேண்டாம். அச்சில் ஒன்றுமே வேண்டாம். கிடங்கு முகவரிக்கு, எனக்கு மட்டும், ஒரு வரி எழுதுங்கள்: தட்டில் நடந்தது அம்மாவுக்குள்ளும் நடக்குமா?